நின்ற வண்டியா, ஓடிய வண்டியா?
(இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை)



பழைய வண்டி வாங்கப் போனால் நம்மில் பலருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான். "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" மீட்டரில் எண் குறைவாக இருந்தால் நல்ல வண்டி, அதிகமாக இருந்தால் தேய்ந்த வண்டி. அதிலும் வாங்கி ஓட்டாமலே பல வருடம் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். "பிரிக்காத பொட்டலம் மாதிரிப்பா!" என்று சொல்லி, பேரம்கூடப் பேசாமல் பணத்தை எண்ணி வைப்பவர்கள் உண்டு.

ஆனால், வகுப்பில் படித்ததையும் ஒர்க் ஷாப்பில் பார்த்ததையும் சேர்த்து யோசித்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரண்டு வயது உண்டு. ஒன்று உழைப்பு வயது. மற்றொன்று காலண்டர் வயது. உழைப்பு வயது உலோகத்தைத் தின்கிறது. காலண்டர் வயது ரப்பரையும் எண்ணெயையும் பெட்ரோலையும் பேட்டரியையும் தின்கிறது. ஓடிய வண்டிக்கு முதல் நோய், நின்ற வண்டிக்கு இரண்டாவது நோய். நோயே இல்லாத பழைய வண்டி என்று ஒன்று கிடையாது. எந்த நோய்க்கு மருந்து உண்டு, அந்த மருந்துக்கு என்ன விலை என்று பார்ப்பதுதான் நம் வேலை.

இதை ஒரு குவாடு பைக்கை வைத்து விளக்கலாம் என்று நினைக்கிறேன். காரணம், இப்படி ஒரு வண்டியைச் சோதித்துப் பார்க்கும் வேலை சென்ற ஆண்டு எனக்கு வந்தது.

குவாடு பைக் என்பது என்ன?

நான்கு சக்கரம், ஆனால் ஸ்டியரிங் வீல் கிடையாது. மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி. சீட்டில் கால் விரித்து உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஏ.டி.வி. என்றும் சொல்வார்கள். கடற்கரை ரிசார்ட்டுகளில் பார்த்திருப்பீர்கள். இதற்கு முன்னோடி மூன்று சக்கர வண்டி. ஹோண்டா நிறுவனம் 1970-ல் யூ.எஸ்.90 என்ற மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. அவ்வகை வண்டிகள் எளிதில் கவிழ்ந்து பலர் காயம்பட்டதால், 1988-ல் அமெரிக்க அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி அங்கே அவற்றின் புது விற்பனை நின்றது. நான்கு சக்கர வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

சிறிய குவாடுகள் பலவற்றில் பின் ஆக்ஸிலில் டிபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில் சுற்றும். இதன் பொருள் என்ன? பின் சக்கரங்களுக்கு இடையே 0.8 மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி கால் வட்டம் திரும்பினால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட (π/2) × 0.8, அதாவது சுமார் 1.26 மீட்டர் அதிகம் போக வேண்டும். டிபரன்ஷியல் இல்லாததால் ஏதாவது ஒரு டயர் தரையில் வழுக்கியே ஆக வேண்டும். அதனால்தான் திருப்பத்தில் உடலைச் சாய்த்து, உள் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள். இந்த இழுபறி முழுவதும் ஆக்ஸில், பேரிங், பிரேம் ஆகியவற்றின் மேல்தான் விழுகிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

வந்தவை இரண்டு

என் சித்தப்பாவுக்குப் பழனிக்குப் பக்கத்தில், ஆயக்குடிப் பகுதியில் கொய்யாத் தோப்பு இருக்கிறது. தோப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். சொட்டுநீர்க் குழாய் பார்க்கவும் பழக்கூடை இழுக்கவும் ஒரு குவாடு வேண்டும் என்று ஆசைப்பட்டார். புரோக்கர் இரண்டு வண்டி காட்டினார்.

முதலாவது, 2015-ல் செய்தது. 250 சிசி, கார்புரேட்டர், பெல்ட் டிரைவ், பின் ஆக்ஸிலுக்குச் செயின். யாரோ பண்ணை வீட்டுக்கு வாங்கி, ஒரு கோடை விடுமுறை ஓட்டியதோடு சரி. பிறகு ஷெட்டிலேயே நின்றது. மணி மீட்டரில் 46 மணி. கேட்ட விலை ரூ.1,20,000.

இரண்டாவது, 2021-ல் செய்தது. 300 சிசி, எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன். கடற்கரையில் சவாரிக்கு விட்டிருந்தார்கள். மணி மீட்டரில் 1,140 மணி, 9,120 கி.மீ. கேட்ட விலை ரூ.1,50,000.

"மீட்டரைப் பாருங்க தம்பி, இந்த வண்டிக்கு இன்னும் பால் பல்லே விழல" என்றார் புரோக்கர் முதல் வண்டியைக் காட்டி. சித்தப்பாவுக்கோ இரண்டாவது வண்டியின் மேல்தான் கண். "புது மாடல்டா. பட்டனைத் தொட்டா ஸ்டார்ட் ஆகுது. அது கிடக்கிற கிடையைப் பாரு, ஸ்டார்ட்டே ஆகல" என்றார். அவர் சேர்த்து வைத்திருந்தது இரண்டு வருடக் கொய்யா விளைச்சல் காசு. அதனால் இரண்டு பேர் பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, டூல் பாக்ஸைத் திறந்தோம்.

சந்தையில் மாடு பிடிக்கிறவர் எப்படிப் பார்க்கிறார்? முதலில் பல்லைப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். கடைசியில் நடக்க விட்டுப் பார்ப்பார். வண்டிக்கும் அதே வரிசைதான்.

பல்: பிறந்த தேதி

விற்ற வருடம் வேறு, செய்த வருடம் வேறு. ஷோரூமில் இரண்டு வருடம் கிடந்து விற்ற வண்டிகளும் உண்டு. 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் எண்ணில் பல உற்பத்தியாளர்கள் 10-வது இடத்தில் மாடல் வருடத்தைக் குறிப்பார்கள். அங்கே எஃப் என்று இருந்தால் 2015. எம் என்றால் 2021. டயரின் பக்கவாட்டில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வாரமும் வருடமும். முதல் வண்டியின் டயரில் 4714 என்று இருந்தது. அதாவது 2014-ம் ஆண்டின் 47-வது வாரம். சேஸிஸ் எண்ணோடு பொருந்துகிறது. அப்படியென்றால் டயரை யாரும் மாற்றவில்லை, 46 மணியும் உண்மையாக இருக்கலாம். மீட்டரை மட்டும் நம்பாமல் இப்படி இரண்டு சாட்சி கேட்பது நல்லது.

மணி மீட்டரையும் கிலோமீட்டரையும் வகுத்தும் பார்க்க வேண்டும். இரண்டாவது வண்டியில் 9,120 ÷ 1,140 = மணிக்கு 8 கி.மீ. மெதுவாக, மணலில், அடிக்கடி நின்று நின்று போன வண்டி. காற்று சரியாகப் படாமல் என்ஜின் சூடாகியிருக்கும். 9,120 கி.மீ. என்பது பைக்குக்குச் சின்ன எண். ஆனால் 1,140 மணி என்பது, தினம் நான்கு மணி வீதம் 285 நாள் உழைப்பு!

சுழி: நின்ற வண்டியில் பார்க்க வேண்டியவை

1. பெட்ரோல். நின்ற பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாக மாறும். எத்தனால் கலந்தது என்றால் காற்றின் ஈரத்தை இழுத்து, தண்ணீரும் எத்தனாலும் அடியில் தனியாகத் தங்கும். கார்புரேட்டரில் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது அடைபட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றதும் பயந்து ஓட வேண்டாம். கழற்றிச் சுத்தம் செய்கிற வேலைதான். நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. 2015 வண்டி இந்தக் கலவையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. ஆகவே பெட்ரோல் ஹோஸ், ஓ ரிங், மிதவைக் கிண்ண வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிட வேண்டும்.

2. சிலிண்டர். நின்ற வண்டியில் நிஜமாகப் பயப்பட வேண்டிய இடம் இதுதான். என்ஜின் நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால், ஈரக்காற்று உள்ளே போய் சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும். ஆகவே செல்ப் பட்டனைத் தொடவே கூடாது. பிளக்கைக் கழற்றி, சில சொட்டு என்ஜின் ஆயில் விட்டு, ஊற வைத்து, பிறகு கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இந்த வண்டி சுற்றியது. அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட், திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து. சில என்ஜின்களில் டீகம்ப்ரஷன் அமைப்பு இருப்பதால் கேஜ் குறைவாகக் காட்டும். எனவே பொது அளவை நினைக்காமல் அந்த வண்டியின் மேனுவலோடுதான் ஒப்பிட வேண்டும்.

3. டயர். பட்டன் முழுசாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். குவாடு டயருக்குக் காற்று மிகக் குறைவு. பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ. கார் டயருக்கு 30-ஐ ஒட்டி இருக்கும். இவ்வளவு குறைந்த காற்றில் டயர் சுவர் நெளிந்துகொண்டே ஓடும்; வெடித்த ரப்பர் அதைத் தாங்காது. நான்கும் மாற்ற வேண்டியதே.

4. பிரேக். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். சரிவில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகி லீவர் தொளதொளத்துவிடும். ஆயிலோடு காலிப்பர் சீலையும் மாற்றுவது நலம்.

5. பேட்டரி. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் போலக் காட்ட வேண்டும். சார்ஜ் இறங்கி நின்றே கிடந்தால் தட்டுகளில் லெட் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். இங்கே 9.8 காட்டியது. காயலான் கடைக்குத்தான் போகும்.

6. பெல்ட். சி.வி.டி. பெல்ட் ஒரே வளைவில் வருடக்கணக்கில் நின்றால் அந்த இடத்தில் இறுகி வெடிக்கும். மாற்ற வேண்டும்.

7. குடித்தனக்காரர்கள். ஏர் பில்டரில் எலிக்கூடு, சைலென்சரில் குளவி மண்கூடு, கடித்த ஒயர். புத்தகத்தில் இது இருக்காது. நம் ஊர் ஷெட்டில் கட்டாயம் இருக்கும். எங்களுக்கு எலிக்கூடு கிடைத்தது. நல்ல வேளையாக ஒயரிங் பிழைத்திருந்தது.

ஓடிய வண்டியில் பார்க்க வேண்டியவை

ஓடிய வண்டிக்குப் பெட்ரோல், பேட்டரிப் பிரச்சினை இல்லை. இன்ஜெக்ஷன் இருப்பதால் ஸ்டார்ட்டிங்கும் சுகம். ஆனால் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். முன் சக்கரத்தில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் டை ராடு முனைகளையும் பாருங்கள். இந்த வண்டியில் பின் ஆக்ஸில் பேரிங் போயிருந்தது. பேரிங் உட்காரும் இடத்தில் ஆக்ஸிலும் தேய்ந்திருந்தது. முன்னே சொன்ன திருப்பக் கணக்கின் பலன்தான் இது. ஒரு நாளில் எத்தனை முறை அந்த மணலில் வட்டமடித்ததோ!

கம்ப்ரஷன் குறைவாக இருந்தது. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம், கேஜ் ஏறியது. அப்படி ஏறினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டரிலோ. ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. ஆக ரிங், பிஸ்டன், போர் வேலை காத்திருக்கிறது.

கடைசியாக பிரேம். ஸ்விங் ஆர்ம் பிரேமில் சேரும் வெல்டிங்கில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. "பெயின்ட் கீறல் தம்பி" என்றார் புரோக்கர். லேபில் நாம் செய்வோமே, டை பெனிட்ரன்ட் டெஸ்ட், அதைச் செய்து பார்த்தோம். அவரிடம் கேட்டுக்கொண்டு அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, பத்து நிமிடம் விட்டு, துடைத்து, டெவலப்பர் அடித்தோம். வெள்ளையின் மேல் சிவப்பாக ஒரு கோடு மெல்ல ஊறி வந்தது. கீறல் என்றால் துடைத்தபோதே போயிருக்கும். அது விரிசல். உப்புக் காற்று குழாயின் உள்ளேயும் வேலை செய்திருக்கிறது. தட்டினால் துருப்பொடி கொட்டியது.

கணக்கு

நின்ற வண்டிக்கு ஆகும் செலவை ஒரு தாளில் எழுதினோம்:

நான்கு டயர் – ரூ.28,000
பேட்டரி – ரூ.2,500
கார்புரேட்டர் கிட், ஹோஸ் – ரூ.2,500
பிரேக் சீல், ஆயில் – ரூ.3,000
பெல்ட் – ரூ.3,500
என்ஜின் ஆயில், பில்டர், பிளக் – ரூ.2,000
மொத்தம் – ரூ.41,500

இந்தத் தாளை அப்படியே புரோக்கரிடம் நீட்டினோம். "சும்மா குறைங்க" என்று கேட்டால் யாரும் குறைக்க மாட்டார்கள். பட்டியலைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகிறது. வண்டி ரூ.82,000-க்கு முடிந்தது. செலவையும் சேர்த்து ரூ.1,23,500.

ஓடிய வண்டிக்கும் ஒரு பட்டியல் போட்டோம். ஆக்ஸில், பேரிங், பால் ஜாயிண்ட், பிஸ்டன், போர் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட அதே தொகைதான் வந்தது. ஆனால் பிரேம் விரிசலுக்கு நேரே என்ன எழுதுவது? உள்ளே துருவிய குழாயில் மேலே வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இன்னொரு இடத்தில் விடும். "சித்தப்பா, இதுக்கு விலையே கிடையாது. பாதி விலைக்குக் குடுத்தாலும் வேண்டாம். மேட்டுல ஏறும்போது விட்டுச்சுன்னா உங்க மேலதான் வந்து விழும்" என்று சொன்னேன். அவர் அந்தச் சிவப்புக் கோட்டை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். மறுபேச்சுப் பேசவில்லை.

விலையைவிட முக்கியமானது

சித்தப்பா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே சாவியைக் கேட்டான். இதையும் சொல்லியாக வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவர் ஓட்டக் கூடாது என்று அமெரிக்காவில் விற்கும் பெரியவர்களுக்கான ஏ.டி.வி.களில் எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். காரணம் எளிது. இந்த வண்டியில் சமநிலையின் ஒரு பகுதி ஓட்டுபவரின் உடல் எடை. சிறுவன் சாய்ந்தால் வண்டி கேட்காது. பெரும்பாலான குவாடுகள் ஒருவர் மட்டும் ஓட்டச் செய்தவை. பின்னால் ஆள் உட்கார்ந்தால் மேட்டில் முன் சக்கரம் தூக்கும். ஹெல்மெட் இல்லாமல் தோப்புக்குள்ளும் ஓட்டக் கூடாது. பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஏற்றவே கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கான புதுக் குவாடுகளில் கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும் அமைப்பு கட்டாயம் ஆனது. புது மாடல் என்றால் இப்படிப் பாதுகாப்பு கூடியிருக்கிறதா என்று கேட்பதுதான் பொருளுள்ள கேள்வி. நாங்கள் பார்த்த இரண்டிலும் அது இல்லை. இன்ஜெக்ஷனும் பளபளப்பும்தான் கூடுதல். அவன் சாவி கேட்டது இன்னும் இரண்டு வருடத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் அவன் என்னோடு பேசுவதில்லை!

முடிவு எப்போது மாறும்?

நின்ற வண்டிதான் எப்போதும் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த என்ஜின் கையால் சுற்றாமல் இறுகியிருந்தால் என் பதில் வேறு. அந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்காது என்றால், 46 மணி என்ன, ஒரு மணி நேரம்கூட ஓடாத வண்டியானாலும் வேண்டாம். இரண்டாவது வண்டி ஒரே கையில், ஒரே தோப்பில், காலாகாலத்தில் ஆயில் மாற்றி ஓடியதாக இருந்தால், 2021 வண்டியைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். அளவாக ஓடிக் கவனமாகப் பார்த்துக்கொண்ட வண்டிக்கு ஈடு எதுவும் இல்லை.

ஆகவே நண்பர்களே, வரிசையை மனதில் வையுங்கள். முதலில் பிரேம், பிறகு என்ஜின், பிறகு ஸ்பேர் கிடைக்குமா என்பது, அதன்பின் ரப்பரும் திரவமும், கடைசியில்தான் பெயின்ட்டும் மாடலும். வாங்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். குவாடு மட்டுமல்ல, நாளைக்கு நீங்கள் வாங்கப் போகும் பழைய பைக், ஊரில் யாரோ விற்கும் பம்ப்செட், ஜெனரேட்டர், லேத் மெஷின், எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான்.

டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மை ஊரில் பலரும் கூப்பிட்டுக் கேட்பார்கள். கையில் ஒரு கேஜ், ஒரு மல்டிமீட்டர், ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும். வாயால் "நல்லாதான் இருக்கு" என்று சொல்வதற்கு டிப்ளமோ தேவையில்லை. அளந்து, எழுதி, கூட்டிக் காட்டுங்கள். அடுத்தவர் வியர்வை சிந்திச் சேர்த்த காசுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.